திரை காட்டும் வெப்பநிலை: பிரித்தானியத் தமிழ்க் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானியாவில் தெருமுனைக் கடைகளையும் எரிபொருள் நிலையங்களையும் வேப் கடைகளையும் நடத்திவரும் தமிழ் வணிகப் பெருமக்களுக்கு,



ஒருமுறை பயன்படுத்தி வீசியெறியும் வேப் கருவிகளின் விற்பனை 2025 ஜூன் 1 முதல் பிரித்தானியா முழுவதும் தடைசெய்யப்பட்டதால், அவற்றுக்குப் பழகியிருந்த வாடிக்கையாளர்கள் மறுபடி மின்னேற்றி, மறுபடி திரவம் நிரப்பிப் பயன்படுத்தும் கருவிகளுக்கு மாற வேண்டியதாயிற்று. அப்படி மாறுவோரில் சிலர் எளிய வகைகளோடு நின்றுவிடாமல், கருவி எவ்வளவு சூடாகலாம் என்பதைப் பயன்படுத்துபவரே வரையறுக்க இடம் தரும் ‘வெப்பநிலைக் கட்டுப்பாட்டு’க் கருவிகளையும் எடுத்துப் பார்க்கிறார்கள். இத்தகைய கருவியைப் பற்றி ஒருவர் கொள்ளும் முதல் எண்ணம் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் கையேட்டிலிருந்து பெரும்பாலும் பிறப்பதில்லை. கல்லாவுக்கு முன்னால் நிற்கும் சில நிமிடங்களில் கடைக்காரர் சொல்லும் நாலைந்து வாக்கியங்களிலிருந்தே அது பிறக்கிறது. சிகரெட்டைக் கைவிட முயலும் ஒருவருக்கு அந்த வாக்கியங்கள் எவ்வளவு முக்கியமானவை என்பதைக் கருதியே இம்மடல் உங்களுக்கு எழுதப்படுகிறது.

இம்மடல் வலியுறுத்தும் செய்தி ஒன்றே. கருவியின் திரையில் 220 பாகை என்று தெரியும் எண், வெப்பமானி வைத்து அளந்து பெறப்பட்டதன்று. சூடாகும் கம்பியின் மின்தடையிலிருந்து கணக்கிட்டு உய்த்துணரப்படுவது. சில நிபந்தனைகள் நிறைவேறும்போது அந்தக் கணக்கு உண்மையான வெப்பநிலைக்கு நெருக்கமாக நிற்கும். அவை நிறைவேறாதபோது, திரையில் அதே 220 தெரிந்துகொண்டிருக்க, உள்ளே கம்பி அதைவிடப் பல பத்துப் பாகைகள் கூடுதலாகச் சூடாகியிருக்கக்கூடும். ஆகவே, ‘வெப்பநிலைக் கட்டுப்பாடு இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை’ என்று சொல்லி விற்பது பாதி உண்மையைச் சொல்லி விற்பதாகும். அந்த நிபந்தனைகளையும் எடுத்துச் சொன்ன பிறகே வாடிக்கையாளர் தாம் வாங்குவது என்னவென்று அறிந்து வாங்கியவராகிறார்.

மேலே செல்லுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவது தகும். நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் பொருள். புகைபிடிக்காத ஒருவர் இக்கருவிகளைத் தொடங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. புகைபிடிப்பதைவிட வேப்பிங் தீங்கு குறைந்தது என்றும், ஆனால் அது தீங்கற்றதன்று என்றும், புகைபிடிக்காதவர்களும் சிறார்களும் அதை நாடவே கூடாது என்றும் பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை சொல்லிவருகிறது. புகையிலை எரிவதால் உண்டாகும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வேப் கருவியிலிருந்து வருவதில்லை என்பதே அந்தத் தீங்குக் குறைவின் முதன்மையான காரணம். எனவே இம்மடலில் வாடிக்கையாளர் எனப்படுபவர், பல காலம் புகைத்து, அதை விட முடியாமல் மாற்று வழி தேடி வரும், 18 வயது நிறைந்த ஒருவர் மட்டுமே.

வாட் கணக்கும் வெப்பநிலைக் கணக்கும்

எந்த வேப் கருவியை எடுத்துக்கொண்டாலும் அதன் உறுப்புகள் நான்கில் அடங்கும்: ஒரு பேட்டரி, காயில் எனப்படும் கம்பிச் சுருள், அச்சுருளைத் தொட்டுக்கொண்டிருக்கும் பஞ்சுத் திரி, திரி உறிஞ்சுவதற்கான திரவம் நிற்கும் தொட்டி. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் ஆகிய இரண்டும் திரவத்தின் பெரும்பகுதியாக அமைய, நிக்கோட்டினும் சுவையூட்டிகளும் அதில் சிறு அளவில் கலந்திருக்கும். பொத்தானை அழுத்தியதும் கம்பி சூடாகித் திரியிலுள்ள திரவத்தை ஆவியாக்க, அது வெளிக்காற்றில் குளிர்ந்து நுண்துளிகளாக மாறி உள்ளே இழுக்கப்படுகிறது. சீன மருந்தியலாளர் ஹான் லிக் 2003-இல் உருவாக்கிய மின்சிகரெட்டில் ஆவியாக்கும் முறை வேறாக இருந்தபோதிலும், பின்னர் பரவிய கருவிகள் பெரும்பாலும் மேற்சொன்ன அமைப்பையே கொண்டவை.

வழக்கமான கருவியில் பயன்படுத்துபவர் வரையறுப்பது வாட் அளவை, அதாவது ஒரு நொடிக்கு எவ்வளவு ஆற்றல் கம்பிக்குள் செல்ல வேண்டும் என்பதை. அந்த ஆற்றலால் கம்பி எந்த வெப்பநிலையை அடையும் என்பது, திரியில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, எவ்வளவு வேகமாகக் காற்று இழுக்கப்படுகிறது, பொத்தான் எவ்வளவு நேரம் அழுத்தப்படுகிறது என்பவற்றைப் பொறுத்து மாறும். அடுப்பின் தணல் மாறாமலிருந்தாலும் இட்லிப் பானையில் நீர் இருக்கும்வரை அடி கருகுவதில்லை, நீர் வற்றியபின் அதே தணலில் பானை கருகிவிடுகிறது என்பது எல்லா வீடுகளிலும் அறிந்த செய்தி. வேப் கருவியில் நடப்பதும் அதுவே. புரோப்பிலீன் கிளைக்கால் 188 பாகை செல்சியஸிலும் கிளிசரின் 290 பாகையிலும் கொதிப்பவை என்பதால், திரி நனைந்திருக்கும்வரை கம்பியின் வெப்பநிலை அந்தக் கலவையின் கொதிநிலையை ஒட்டியே நிற்கும். திரி உலர்ந்துவிட்டால், வெப்பத்தை எடுத்துச் செல்லத் திரவம் இல்லாததால், கம்பி மிக விரைவில் அந்த எல்லையைத் தாண்டிவிடும், பஞ்சு கருகும், தொண்டையை எரிக்கும் கசப்பான ஓர் இழுப்பு வாய்க்கு வரும். பயன்படுத்துவோர் ‘ட்ரை ஹிட்’ என்று சொல்வது இந்த உலர் இழுப்பைத்தான்.

வெப்பநிலைக் கட்டுப்பாடு இந்தக் குறையைத் தீர்க்கவே வந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள இவால்வ் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட டி.என்.ஏ. 40 என்னும் மின்சுற்றுப் பலகையின் வழியே இம்முறை பரவலாக அறியப்பட்டது. பின்னர் சீனாவின் ஷென்ஜென் நகரத் தொழிற்சாலைகள் இதே முறையில் இயங்கும் கருவிகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கின. இத்தகைய கருவியில் வாட் அளவோடு வெப்பநிலை வரம்பொன்றும் குறிக்கப்படுகிறது; கம்பி அந்த வரம்பை எட்டிவிட்டதாகக் கணக்கு காட்டியதும் கருவி தானாகவே ஆற்றலைக் குறைத்துவிடுகிறது.

மின்தடையிலிருந்து வெப்பநிலை

கம்பிக்குள் வெப்பமானி எதுவும் இல்லாதபோது கருவி அதன் வெப்பநிலையை எப்படி அறிகிறது என்ற கேள்விக்கு விடை, உலோகங்களின் பொதுவான ஓர் இயல்பில் இருக்கிறது. பெரும்பாலான தூய உலோகங்கள் சூடாகச் சூடாக மின்னோட்டத்தை மேலும் மேலும் எதிர்க்கின்றன. ஒவ்வொரு பாகை உயர்வுக்கும் மின்தடை எந்த விகிதத்தில் கூடுகிறது என்பதைக் குறிக்கும் எண்ணுக்கு மின்தடையின் வெப்பநிலைக் குணகம் என்று பெயர். நிக்கலுக்கு இந்தக் குணகம் ஏறத்தாழ 0.006, டைட்டானியத்துக்கு ஏறத்தாழ 0.0035, 316எல் வகைத் துருவுறா எஃகுக்கு ஏறத்தாழ 0.0009. வழக்கமான காயில்களில் பயன்படும் காந்தல் என்னும் இரும்பு, குரோமியம், அலுமினியக் கலப்புலோகத்தின் மின்தடை சூட்டினால் ஏறக்குறைய மாறுவதே இல்லை. வாட் முறைக்கு மிகவும் ஏற்றதாக அதை ஆக்கிய அதே இயல்பு, வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக்கு அதைப் பயனற்றதாக்குகிறது.

எடுத்துக்காட்டாக, 20 பாகையில் 0.15 ஓம் தடையுள்ள நிக்கல் காயில் 220 பாகைக்குச் சூடானால், 200 பாகை உயர்வை 0.006-ஆல் பெருக்கக் கிடைக்கும் 1.2 மடங்கு கூடுதலால், அதன் தடை 0.33 ஓம் ஆகிவிடும். 0.50 ஓம் எஃகுக் காயிலோ அதே சூட்டில் 0.59 ஓம் மட்டுமே காட்டும். முன்னதில் தடை இரு மடங்குக்கும் மேலாக உயர, பின்னதில் அது ஆறில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலாக உயர்கிறது. கருவி தெரிந்துகொள்வது இவ்வளவுதான்: குளிர்ந்திருந்தபோது தடை எவ்வளவு, இப்போது எவ்வளவு, கம்பி எந்த உலோகம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. இம்மூன்றையும் வைத்து அது வெப்பநிலையைக் கணிக்கிறது. இம்மூன்றில் ஒன்று பிழையானாலும் கணிப்பும் பிழையாகும் என்பதும், அந்தப் பிழையைத் தானே கண்டுகொள்ளக் கருவிக்குப் பெரும்பாலும் வழியில்லை என்பதும் இதிலிருந்தே பெறப்படும்.

முதல் அனுபவம் தரும் நிறைவு

எல்லாம் சரியாக அமைந்த கருவியை முதன்முறை பயன்படுத்துபவருக்கு உண்டாகும் நிறைவு மிகையானதன்று. முதல் இழுப்பு தொடங்கி இறுதிவரை ஆவியின் சூடு ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது. தொட்டியில் திரவம் தீர்ந்துவிட்டால் கருகல் நெடி வருவதற்கு மாறாக ஆவி மெலிந்து, பின் அற்றுப்போகிறது. திரையில் வரம்பு எட்டப்பட்டதைச் சொல்லும் ஒரு குறுஞ்செய்தி தோன்றி, ஆற்றல் தானாகக் குறைவதும் கூடுவதுமாக இருப்பதைக் கண்ணால் காண முடிகிறது. கருகிய பஞ்சின் சுவையே சிலரை மீண்டும் சிகரெட்டுக்குத் திருப்பிவிடுகிறது என்பதைக் கருதினால், இது வெறும் வசதி அன்று.

பஞ்சைக் கொண்டு செய்யும் சோதனையொன்று இந்த நிறைவின் அடிப்படையை நேரில் காட்டக்கூடியது. தாமே கம்பி சுற்றிப் பொருத்தும் வகைக் காயிலில், திரவம் எதுவும் படாத உலர்ந்த பஞ்சை நுழைத்து, வரம்பை 200 பாகையில் வைத்துப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தியபின் பஞ்சை உருவிப் பார்த்தால், கம்பி தொட்ட இடங்களில் அது ஏறக்குறைய வெண்மை மாறாமலிருக்கும். வரம்பைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டு போனால், 215 பாகையை அடுத்த ஏதோ ஓர் இடத்தில் சுருளின் ஒவ்வொரு வளைவும் பஞ்சின்மேல் மெல்லிய பழுப்புக் கோடாகப் பதியத் தொடங்கும். வாட் முறையில் அதே பஞ்சு அதே நேரத்தில் கரியாகிவிடும். வரம்பு 200-இல் இருக்கும்போதே பஞ்சு கருகுமானால் கணிப்பு பிழையென்பது அங்கேயே வெளிப்பட்டுவிடும். ஆவியை இழுக்காமல், சோதித்த பஞ்சை எறிந்துவிட்டுப் புதுப் பஞ்சு பொருத்துவதானால், இச்சோதனையைக் கடையிலேயே எவரும் செய்து காட்டலாம். கழற்ற முடியாதபடி மூடி வரும் ஆயத்தக் காயில்களில் இதற்கு இடமில்லை என்பதால், அவற்றின்மேல் அச்சிட்டிருக்கும் கம்பி வகையையும் ஓம் அளவையும் படித்து அறிவது இன்னும் இன்றியமையாததாகிறது.

கணிப்பு பிழைக்கும் மூன்று இடங்கள்

முதலாவது, குளிர்நிலைத் தடையைப் பதிவு செய்யும் வேளை. புதிய காயிலைப் பொருத்தியதும் பல கருவிகள் இது புதியதா, பழையதா என்று திரையில் கேட்கும். புதியது என்றதும் அந்தக் கணத்தின் தடையையே அறை வெப்பநிலைத் தடையாகக் குறித்துக்கொள்ளும். இப்போதுதான் பயன்படுத்தி, இன்னும் 60 பாகைச் சூட்டிலிருக்கும் காயிலைக் கழற்றிப் பூட்டிவிட்டு, புதியது என்று பொத்தானை அழுத்திவிட்டால், கருவி அந்த 60 பாகையை 20 பாகையாக எடுத்துக்கொள்கிறது. பிழை 40 பாகையோடு முடிவதில்லை. மேற்சொன்ன குணகங்களை வைத்துக் கணக்கிட்டால், திரையில் 220 என்றிருக்கும்போது எஃகுக் கம்பியின் உண்மை வெப்பநிலை ஏறத்தாழ 267 பாகையாகவும், நிக்கல் கம்பியினுடையது ஏறத்தாழ 308 பாகையாகவும் இருக்கும். பத்து நிமிடம் ஆற வைத்துப் பதிவு செய்தால் தவிர்த்துவிடக்கூடிய இந்தப் பிழை, பொறுமையின்மையால் மட்டுமே நேர்வது.

இரண்டாவது, உலோகத்தைத் தவறாகக் குறிப்பது. நிக்கல் காயிலைப் பொருத்திவிட்டு எஃகு என்று குறித்தால், கம்பி 50 பாகையை எட்டும்போதே கருவி 220 என்று கருதி ஆற்றலை அடக்கிவிடும், ஆவியே வராது, வாடிக்கையாளர் கருவி பழுதென்று திரும்பி வருவார், வேறு தீங்கில்லை. இதன் மறுதலையே அஞ்சத்தக்கது. எஃகுக் காயிலைப் பொருத்திவிட்டு நிக்கல் என்று குறித்தால், கருவி எதிர்பார்க்கும் தடை உயர்வை அடைய அந்தக் கம்பி ஆயிரம் பாகைக்கும் மேலாகச் சூடாக வேண்டியிருக்கும். அதாவது வரம்பு ஒருபோதும் எட்டப்படாது. திரையில் வெப்பநிலைக் கட்டுப்பாடு இயங்குவதாகத் தெரிந்துகொண்டிருக்க, உண்மையில் கருவி எவ்வகைக் கட்டுப்பாடுமின்றி முழு வாட்டிலும் இயங்கும். உயரவேண்டிய தடை உயரவில்லை என்பதைக் கண்டு எச்சரிக்கும் கருவிகள் உண்டு. எல்லாக் கருவிகளும் அவ்வாறு செய்யும் என்று நம்பியிருக்கலாகாது.

மூன்றாவது, இணைப்புகளின் தளர்ச்சி. திருகு சற்றே தளர்ந்தாலும், மரையில் திரவம் கசிந்து படிந்தாலும், அந்த இடத்தின் தடையும் காயிலின் தடையோடு சேர்ந்துகொள்ளும். 0.50 ஓம் எஃகுக் காயிலில் 0.01 ஓம் என்னும் மிகச் சிறிய மாற்றமே 22 பாகை வெப்பநிலை மாற்றமாகத் திரையில் தோன்றும் என்றால், இம்முறை எவ்வளவு நுண்ணியது என்பது விளங்கும். பதிவு செய்த பிறகு இணைப்பு தளர்ந்தால் கருவி கம்பியை உள்ளதைவிடச் சூடாகக் கருதி ஆவியை மெலிவாக்கும். தளர்ந்த நிலையில் பதிவு செய்து பின்னர் இறுக்கினால், கம்பி குறித்த வரம்பைக் கடந்து சூடாகும். ஆவி விட்டுவிட்டுத் துடிப்பதுபோல வருவதாக முதல்முறை பயன்படுத்துவோர் சொல்லும் முறையீடுகளுக்குத் தளர்ந்த இணைப்பு ஒரு பொதுவான காரணம். அப்போது வெப்பநிலையை உயர்த்தச் சொல்வதைவிடத் திருகுகளையும் மரையையும் பார்ப்பதே முறை.

இம்மூன்றும் சரியாக அமைந்தாலும் எஞ்சி நிற்கும் ஓர் எல்லை உண்டு. கருவி அறிவது கம்பி முழுவதற்குமான மொத்தத் தடையை மட்டுமே. அதனால் கிடைப்பதும் சராசரி வெப்பநிலையே. திரி ஒரு முனையில் நன்கு நனைந்தும் மறுமுனையில் உலர்ந்தும் இருந்தால், உலர்ந்த முனையின் வளைவுகள் வரம்பைத் தாண்டியிருக்க, நனைந்த முனையின் வளைவுகள் அதற்குக் கீழே நிற்க, சராசரி மட்டும் ஒழுங்காகத் தெரியும். பஞ்சைச் சீராகப் பொருத்துவதும், தொட்டியில் திரவம் அடிமட்டத்துக்கு இறங்குமுன் நிரப்புவதும் மின்னணுக் கட்டுப்பாட்டால் ஈடுசெய்ய முடியாத கடமைகள்.

வரம்பு ஏன் முக்கியம்

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்ற கேள்வி எழலாம். கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் மிதமான சூட்டில் பெரும்பாலும் சிதையாமல் ஆவியாகின்றன. சூடு மிகும்போது அவற்றின் மூலக்கூறுகள் உடைந்து, பார்மால்டிஹைடு, அசெட்டால்டிஹைடு, அக்ரோலின் போன்ற சேர்மங்கள் கூடுதலாக உண்டாகின்றன. பார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள். அக்ரோலின், வாணலியில் எண்ணெய் அளவுக்கு மீறிக் காயும்போது கண்ணையும் மூக்கையும் எரிக்கும் அதே பொருள்.

இதைப் பற்றிய விவாதம் 2015-இல் கூர்மையடைந்தது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியிட்ட கடிதமொன்றில், ஒரே கருவி 3.3 வோல்ட்டில் இயங்கியபோது காணப்படாத, பார்மால்டிஹைடை வெளிவிடும் சேர்மங்கள் 5.0 வோல்ட்டில் காணப்பட்டதாக அறிவித்தனர். கிரேக்க இதயநோய் மருத்துவரான கான்ஸ்டான்டினோஸ் பார்சலினோசும் உடன் ஆய்வாளர்களும் அதே ஆண்டில் ‘அடிக்ஷன்’ இதழில், ஆல்டிஹைடுகள் மிகுதியாக உண்டாவது உலர் இழுப்பு நிலையிலேயே என்றும், அந்தச் சுவையைப் பொறுக்காத மனிதர்கள் அவ்வாறு இழுப்பதில்லை என்றும் காட்டினர். இரு தரப்பும் பிற செய்திகளில் வேறுபட்டாலும், இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு ஒரு முடிவு தெளிவாகக் கிடைக்கிறது: தீங்கான சேர்மங்களின் அளவைத் தீர்மானிப்பதில் கம்பியின் வெப்பநிலைக்குப் பெரும் பங்கு உண்டு. எனவே, சரியாக இயங்கும் வெப்பநிலை வரம்பு உண்மையான பயனுடையது. சரியாக இயங்குவதாகத் தோன்றி இயங்காத வரம்போ, வாடிக்கையாளரின் இயல்பான எச்சரிக்கையைத் தளர்த்திவிடுவதால், வரம்பே இல்லாததைவிடக் கேடானது.

அதே வேளையில், வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவதால் எல்லாத் தீங்குகளும் கட்டுப்படுவதில்லை. நிக்கோட்டினின் அடிமைப்படுத்தும் ஆற்றலும், உள்ளே இழுக்கப்படும் சுவையூட்டிகளால் நேரக்கூடியவையும் வரம்பு 200 ஆனாலும் 250 ஆனாலும் நீங்குவதில்லை. வெப்பநிலைக் கட்டுப்பாடு என்பது மிகைச்சூட்டைத் தவிர்க்கும் ஒரு வழி என்ற அளவிலேயே அதைப் போற்ற வேண்டும்.

கல்லாவில் சொல்ல வேண்டியவை

இவற்றின் அடிப்படையில் இம்மடல் தமிழ்க் கடைக்காரர்களிடம் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறது. காயிலின் உலோகம் எது என்பதைத் தெரிந்துகொண்டு, கருவியில் அதே உலோகத்தைக் கடையிலேயே குறித்துக் கொடுப்பதும், அறைச் சூட்டில் ஆறிய காயிலையே பதிவு செய்து காட்டுவதும் முதல் வேண்டுகோள்; இவ்விரண்டுக்கும் ஆகும் நேரம் மிகச் சிறிது. இரண்டாவது, திரையிலுள்ள எண் செல்சியஸிலா பாரன்ஹீட்டிலா என்பதைச் சுட்டிக்காட்டுவது. 420 பாரன்ஹீட் என்பது ஏறத்தாழ 216 செல்சியஸ். ஆனால் நண்பர் ஒருவர் 300-இல் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அவர் சொன்னது பாரன்ஹீட் என்பதை அறியாமல் தம் கருவியை 300 செல்சியஸில் வைப்பவர், 149 பாகைக்கு மாறாக அதைப்போல் இரு மடங்கு சூட்டை வரவழைத்துக்கொள்வார். மூன்றாவது, 200 பாகையை அடுத்துத் தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்தச் சொல்வதும், மேல் எல்லை வரை கருவி அனுமதிக்கிறது என்பதாலேயே அதுவரை போகலாம் என்று பொருளில்லை என்பதை உணர்த்துவதும்.

பேட்டரியைப் பற்றியும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இக்கருவிகள் பலவற்றில் 18650 எனப்படும், 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட லித்தியம் அயனி மின்கலங்கள் தனியே கழற்றிப் போடும்படி அமைந்திருக்கும். அவற்றைச் சட்டைப்பையில் சாவியோடும் நாணயங்களோடும் வெறுமனே போட்டுக்கொண்டால், உலோகம் இரு முனைகளையும் இணைத்துக் குறுக்குச்சுற்று உண்டாகித் தீப்பற்றக்கூடும். மேலுறை கிழிந்த மின்கலமும் அதே ஆபத்தையுடையது. மின்கலம் விற்கும்போது சில பென்ஸ் விலையுள்ள பிளாஸ்டிக் உறையொன்றைச் சேர்த்துக் கொடுப்பது, எந்த விளம்பரத்தைவிடவும் கடையின் பெயரைக் காக்கும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலான வணிகர்கள் அறிந்தவற்றை நினைவூட்டுவதே போதுமானது. 18 வயது நிறையாதவர்களுக்கு விற்பதும், அவர்களுக்காக வயதுவந்தோர் வாங்கிச் செல்வதும் குற்றம். நிக்கோட்டின் திரவத்தின் செறிவு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டலாகாது. நிக்கோட்டின் திரவக் குப்பி 10 மில்லிலிட்டருக்கும் தொட்டி 2 மில்லிலிட்டருக்கும் மேற்படலாகாது. பயன்படுத்தி முடித்த வேப் கருவிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு கடையில் இருக்க வேண்டும். விலை மலிவு என்பதற்காக அறியாத வழிகளில் வரும் கருவிகளை வாங்கி விற்றால், சட்டத்தை மீறுவதோடு, கணிப்பு எவ்வளவு நம்பத்தக்கது என்பதே தெரியாத ஒரு பொருளை வாடிக்கையாளரின் வாய்க்குக் கொண்டு சேர்ப்பதாகவும் ஆகும்.

தமிழ்க் கடைகளுக்கே உரிய மற்றொரு பொறுப்பும் இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் செல்லும் வாடிக்கையாளர்கள் உறவினருக்குப் பரிசாக இக்கருவிகளை வாங்க எண்ணுவதுண்டு. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் மின்சிகரெட் தடைச் சட்டம் இவற்றின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு, விளம்பரம் அனைத்தையும் தடைசெய்கிறது; இறக்குமதி செய்தால் முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி 1 முதல் வேப் கருவியை வைத்திருப்பதே குற்றமாகும். இதை அறியாமல் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லும் ஒருவருக்கு விமான நிலையத்தில் நேரக்கூடியதைக் கடையிலேயே தடுத்துவிடலாம்.

பிரித்தானியாவுக்குக் குடிபெயர்ந்து வந்த தமிழர்கள் பலர் விடியற்காலையில் கதவைத் திறந்து, பின்னிரவு வரை நின்று, தெருவில் வாழும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்குமளவுக்குப் பழகித் தங்கள் கடைகளை வளர்த்திருக்கிறார்கள். கையேட்டையும் விளம்பரத்தையும் நம்பாதவர்கள்கூட உங்கள் சொல்லை நம்பி வாங்குவதற்குக் காரணம் அந்தப் பழக்கமே. ஆகவே, அடுத்த முறை ஒருவர் திரையிலுள்ள எண்ணைச் சுட்டி, இது உண்மையிலேயே அவ்வளவு சூடுதானா என்று கேட்கும்போது, ‘கம்பி ஆறியிருக்கும்போது பதிந்திருந்தால், உலோகத்தைச் சரியாகக் குறித்திருந்தால், திருகுகள் இறுகியிருந்தால், பஞ்சு முழுதும் நனைந்திருந்தால், ஏறக்குறைய அவ்வளவுதான், இல்லையென்றால் இல்லை’ என்று விடை சொல்லுமாறும், அந்த விடையைக் கடையில் வேலை செய்வோர் அனைவரும் காரணத்தோடு சொல்லக் கற்றிருக்குமாறு பார்த்துக்கொள்ளுமாறும் உங்களை இம்மடல் அன்போடு கேட்டுக்கொள்கிறது.

இங்ஙனம்,
தமிழ் வணிகர்களின் நற்பெயரிலும் வாடிக்கையாளர்களின் நலத்திலும் அக்கறை கொண்ட ஒருவர்